பங்காளி மகரந்தம்

வெண்முடி எஸ்டேட்டின் மேல்காட்டுத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு லோகேஸ்வரி போய்ச் சேர்ந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏதோ பெரிய சண்டை நடந்து முடிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். இதே லைனில் பிறந்து வளர்ந்தவள் அவள். இங்கே சண்டை என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? யார் வீட்டுக் கோழி யார் வாசலில் எச்சமிட்டது என்று ஆரம்பித்து, இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த காலத்துக் கதை வரைக்கும் இழுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் ஓய்வார்கள். இங்கே சத்தமே இல்லை. முறைப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஆளுக்கு ஆள் ஒரே அளவு இடைவெளி விட்டு, நட்டுவைத்த செடிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து குழாயடிக்குப் போனார். அவர் நெருங்க நெருங்க ஒவ்வொருவரும் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் விலகி, அவர் கடந்ததும் பழைய இடத்துக்கே வந்தார்கள். பெண்கள் தலைமுடியை விரித்துப் போட்டிருந்தார்கள். முடியில் வெளிர்மஞ்சளாக மாவு படிந்திருந்தது.

லோகேஸ்வரி அக்கா வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

அவளை வரச்சொல்லி போன் செய்தது எஸ்டேட் டிஸ்பென்சரியின் பிலோமினாக்கா. மேல்காடு, பள்ளக்காடு என்ற இரண்டு காபிக் காடுகளின் லைன்களுக்கும் ஊசி போடுவதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை அந்த அம்மாள்தான். "உங்க அக்கா அவ புள்ளைய வீட்டுக்குள்ள விடமாட்டேங்குறா லோகா. வெளியதான் சோறு, வெளியதான் படுக்கை. நீ வந்து ஒரு எட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தவமணி அக்காவா? மகள் நிரோஷாவுக்கு லேசாகத் தும்மல் வந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள் அவள். புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடக்க, ஒற்றை ஆளாக அந்தப் பெண்ணை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். லோகேஸ்வரி லீவு சொல்லிவிட்டு கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறினாள்.

தவமணி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கண் எங்கேயோ இருந்தது, மூக்குதான் லோகேஸ்வரியின் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு தடவை மூச்சை இழுத்தாள்.

"யாருங்க? கீழ இருந்து வந்திருக்கீங்களா?"

"அக்கா, நான்தான். லோகா."

பெயரைக் கேட்டதும்தான் முகம் மலர்ந்தது. "அடியே லோகா! வாடி, வாடி. உம்மேல ஒரு வாசமும் இல்லையா, அதான் தெரியல" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அதற்குள் பள்ளிக்கூடப் பையோடு நிரோஷா வந்தாள். மூன்றாம் வகுப்பு. வாசல் வரை வந்தவள், யாரும் சொல்லாமலே பலாமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டாள். தவமணி தட்டில் சோற்றைப் போட்டு, படியில் வைத்து, விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளினாள். முகத்தைத் திருப்பியபடியே தள்ளினாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்ற நீ?"

"எனக்கே தெரியலடி. அவ கிட்ட வந்தா குமட்டுது. நான் பெத்த புள்ள. அவ பேரச் சொன்னாலே நெஞ்சு அடைக்குது, அம்புட்டு ஆசை. ஆனா அந்த வாசம் வந்துட்டா கையில கிடைச்சத எடுத்து அடிச்சுடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் வெளிய வச்சிருக்கேன். வேற என்ன செய்யட்டும், சொல்லு?"

பலாமரத்தடியில் குழந்தை தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.  லோகேஸ்வரி ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டாள். குழந்தையின் மேல் காபிப்பூ வாசம் வீசியது, அவ்வளவுதான். மல்லிகைக்குக் கொஞ்சமும் குறையாத நல்ல வாசம்.

லோகேஸ்வரியின் தொழிலைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். மகரந்தத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்களா என்று கேட்பார்கள். தருகிறார்கள். அதிலும் அவள் பார்ப்பது காபிக் குடும்பத்தை மட்டும். காபி, வெட்சி, நுணா, கடம்பு எல்லாம் ஒரே குடும்பம் என்றால் பலர் நம்புவதில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நம்பித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு துகளும் ஒரு உருண்டை. மேலே வலைபோட்ட மாதிரி பின்னல். சுற்றிலும் பெரும்பாலும் மூன்று வாசல்கள். பின்னலின் கண் பெரிதா சிறிதா, வாசலின் விளிம்பு தடிப்பா மெலிசா என்று பார்த்து, எந்தச் செடி, எந்த ரகம் என்று லோகேஸ்வரி சொல்லிவிடுவாள். இந்த எஸ்டேட்டின் புது ரொபஸ்டா காபி ரகத்தின் மகரந்தத்தைப் பார்த்து, வழக்கமான காபியின் மகரந்தம்தான், வித்தியாசம் ஏதுமில்லை என்று சான்றிதழ் கொடுத்ததும் அவள்தான்.

மலையில் தேனீக்கள் செத்துப்போன பிறகு வந்த ரகம் அது. ரொபஸ்டாவுக்குத் தேனீ வேண்டும். இல்லாவிட்டால் பூக்கும், சரியாகக் காய்க்காது. கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. தலைமுடி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் மகரந்தம். மேல்காட்டுக்கு ஸ்பிரிங்ளர் போட்டுப் பூக்கவைத்ததும், பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கிளைகளுக்குள் புகுந்து நடப்பார்கள். பிறகு பள்ளக்காடு பூக்கும். அங்கே போய் அதே கூந்தலோடு நடப்பார்கள். பூநடை என்று அதற்குப் பெயர். பூக்காலம் முடியும் வரை தலைக்குக் குளிக்கக் கூடாது. குளிக்காமல் இருப்பதற்குத் தனியாகத் தலைப்படி உண்டு. நல்ல நீளமுடி இருந்தால் படியும் கூடுதல். தவமணிக்கு முழங்கால் வரை முடி.

மறுநாள் அக்காவை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனாள். பிலோமினாக்கா தவமணியின் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, சளி பார்க்க வைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக் கொடுத்தார்.

"ஆசிட் ஏதாவது இருக்காக்கா?"

"எதுக்கு? கக்கூஸ் கழுவறது இருக்கு."

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. கண்ணாடித் தகடைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகரந்தம் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, துகள்களை ஆசிட்டில் கொதிக்கவைப்பது. எண்ணெய், அழுக்கு, உள்ளே இருக்கும் உயிர்ச்சரக்கு எல்லாம் கரைந்துபோய், எத்தனை ஆயிரம் வருஷமானாலும் அழியாத அந்த ஓடு மட்டும் பளிச்சென்று நிற்கும். ஓட்டில்தானே பின்னல் இருக்கிறது, வாசல் இருக்கிறது? அவளும் இத்தனை வருஷம் அப்படித்தான் பார்த்தாள். உயிரோடு இருக்கும் மகரந்தத்தைப் பார்த்துப் பல காலம் ஆகிவிட்டது.

இங்கே ஆசிட் இல்லை. அப்படியே பார்த்தாள்.

காபித் துகள்தான். பின்னல் சரியாக இருந்தது. ஆனால் மூன்று வாசல்களிலும் ஒவ்வொரு மொட்டு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அவளுடைய ஆசிட் தினமும் கரைத்துக் கழுவிவிட்ட மொட்டு. பாதித் துகள்களில் மொட்டு உடைந்து, உள்ளிருந்து மெல்லிய குழாய் கிளம்பியிருந்தது. பூவின் சூல்முடியில் விழுந்தால்தான் மகரந்தம் குழாய்விட வேண்டும். இது தவமணியின் மூக்கில் விட்டிருந்தது. எல்லாக் குழாய்களும் ஒரே பக்கமாக, தெரிந்த வழியில் போவதுபோல் போயிருந்தன.

லோகேஸ்வரி தகடை நகர்த்தினாள். குழாய் ஒன்றின் நுனி அசைந்தது. அவள் சடாரென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி?" என்றார் பிலோமினாக்கா.

"இது மூக்கோட நிக்கலக்கா. வாசம் பிடிக்கிற நரம்பு வழியா மேல போகுது."

"அதுக்கும் புள்ளைய விரட்டறதுக்கும் என்ன சம்பந்தம்?"

லோகேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். "பங்காளி வீட்டுல பொண்ணு எடுப்பமா?"

"அது எப்படி? அண்ணன் தங்கச்சி முறையில்ல."

"ரொபஸ்டாவுக்கும் அதே கட்டுப்பாடுதான். தன் மகரந்தத்தத் தானே ஏத்துக்காது. தன் ரகத்துல இருந்து வந்தாலும் ஏத்துக்காது. இது பங்காளின்னு மோப்பம் பிடிச்சு வெளிய தள்ளிடும். மாமன் மச்சான் முறையில இருக்கற வேற ரகத்தோடதான் சேரும். அதனாலதான் மேல்காட்டுல ஒண்ணு, பள்ளக்காட்டுல ஒண்ணுன்னு ரெண்டு ரகம் வச்சிருக்காங்க. இப்ப அந்த மோப்பம் இவங்க மண்டைக்குள்ள போய் உக்காந்திருக்கு. மேல்காட்டு லைன்ல எல்லார் மூக்குலயும் மேல்காட்டு மகரந்தம். குளிச்சாலும் போகாது, மூச்சுலயே இருக்கும். ஒருத்தருக்கொருத்தர் பங்காளி. அதுலயும் ஒரே வீட்டுல, ஒரே பாயில படுத்துக் கிடக்கற தாயும் புள்ளையும்..."

பிலோமினாக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "அதான், இப்பல்லாம் யாரும் முகத்தப் பாத்து ஆள் கண்டுபிடிக்கறதில்ல லோகா. எல்லாம் மூக்குதான். எம்முன்னாடியே பெத்த மகன 'யாருப்பா நீ'ன்னு கேட்டாரு நம்ம ராமையா. இங்க வேண்டாம்னு திருப்பூர் போன குடும்பம்கூட அங்க அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்னுதான் இருக்காம். போய் ஒரு வருஷமாச்சு, இன்னும் மாறல."

லோகேஸ்வரி அன்றைக்கே எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். கம்பெனியின் விஞ்ஞானி பிரசன்னா அங்கேதான் இருந்தான். நல்ல பையன். அதுதான் இதில் கொடுமை. கத்தித் தீர்ப்பதற்கு ஒரு கெட்டவன்கூட அகப்படவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்தான். ஜன்னலுக்கு வெளியே வேலி முழுக்க வெட்சி சிவப்பாகப் பூத்திருந்தது.

"அதப் பாத்துதான் மேடம் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு" என்றான் பிரசன்னா. "உங்களுக்குத் தெரியாததில்ல. வெட்சி மொட்டுக்குள்ளயே மகரந்தத்த எல்லாம் சூல்தண்டு தலையில ஏத்திடும். பூ விரிஞ்சதும் அது நீட்டிக்கிட்டு நிக்கும். சுமக்கறது பெண் உறுப்பு, ஆனா அதோட சொந்த வாய் அப்ப மூடியிருக்கும். வர்றவங்க எடுத்துட்டுப் போகட்டும்னு சும்மா சுமக்கும். பொம்பளைங்க கூந்தல் அந்த வேலையச் செய்யக்கூடாதான்னு தோணுச்சு."

"அந்த மொட்டு எதுக்கு வச்சீங்க?"

"பங்காளிச் செடில விழுந்து வீணாகாம இருக்கத்தான். முன்கூட்டியே மோந்து பாத்துக்கும். மனுஷன் மூக்கு அதுக்கு சூல்முடி மாதிரி தெரியும்னு யாரும் நினைக்கல. போன வருஷமே தெரிஞ்சுது, மேடம். மறைக்கல. நல்லதுன்னுதான் நினைச்சோம். மேல்காட்டு ஆளுங்க மேல்காட்டுல நிக்காம தானா பள்ளக்காட்டப் பாத்துப் போறாங்க. மேஸ்திரியே வேண்டியதில்ல. லைன்ல அடிதடி கிடையாது. ரெண்டு காட்டுக்கும் நடுவுல எத்தன கல்யாணம் தெரியுமா? சாதி கூடப் பாக்கல."

"தாய் புள்ளையக் கட்டையால தள்ளறா."

பிரசன்னா கோப்பையைக் கீழே வைத்தான். "நான் கல்யாணமாகாதவன் மேடம். அது எனக்குத் தோணல" என்றான்.

"நான் கொடுத்த சான்றிதழத் திருப்பி வாங்கப் போறேன். உயிரோட இருக்கற துகளப் பாக்காமயே கொடுத்துட்டேன்னு எழுதித் தரேன். எம் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. பூநடை நிக்கணும். ரெண்டு காட்டுலயும் இனி ஒரு பூ பூக்கக் கூடாது."

"நிறுத்தினா இவங்க சரியாகிடுவாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது. புதுசா யாரும் கெடாம இருப்பாங்க."

 பிரசன்னா போனை எடுத்து பம்ப் ஹவுசுக்குப் பேசினான். மேல்காடு ஏற்கெனவே பூத்து உதிர்ந்துவிட்டது. தண்ணீர் நின்றால் பள்ளக்காட்டில் இப்போது இருப்பதுதான் கடைசிப் பூ. இனி தண்ணீர் விட வேண்டாம் என்று சொன்னான். லோகேஸ்வரிக்கு மனசு லேசாயிற்று. பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நிரோஷாவை உட்காரவைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மூச்சில் இருப்பது போகாது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. சாம்பிராணிப் புகை பிடித்து, புதுக் கவுன் மாட்டி, கதவருகே கொண்டுபோய் நிறுத்தினாள். தவமணி வாயைப் பொத்திக்கொண்டு புறவாசல் வழியாக ஓடினாள். வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

குழந்தை அழவில்லை. "நீங்க தலைக்கு ஊத்தியிருக்கக் கூடாது சித்தி" என்று மட்டும் சொன்னது, பெரிய மனுஷி மாதிரி.

விடிகாலையில் லோகேஸ்வரி விழித்தபோது தவமணி வீட்டில் இல்லை. பலாமரத்தடிப் பாயில் நிரோஷாவும் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினாள். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காடுகளுக்கும் நடுவே உள்ள தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை மலைக்கு வந்ததிலிருந்து அவள் கேட்காத சத்தம். யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டிச் சுவரில் தவமணி உட்கார்ந்திருந்தாள். மடியில் நிரோஷா. தவமணி தேங்காய் ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் ஊட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்து, உச்சியை மோந்து மோந்து முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்.

 சரியாகிவிட்டது! சீயக்காயோ, சாம்பிராணியோ, எதுவோ ஒன்று. கடவுளே, சரியாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"அக்கா."

"லோகாவா? வா, வா. இங்க பாரேன் இந்தத் தங்கத்த." தவமணியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பள்ளக்காட்டுப் புள்ள. யாரு பெத்ததோ தெரியல, கேட்டா சிரிக்குது. தெனமும் விடியக்காலையில இங்க வந்துடும், எனக்காகவே. இவ வாசம் வந்தாத்தான்டி எனக்குப் பொழுதே விடியுது."

லோகேஸ்வரி குழந்தையைப் பார்த்தாள். நிரோஷாவின் தலைமுடி முழுக்க வெளிர்மஞ்சள் மாவு. காதோரம், புருவம், கவுனின் கழுத்து, எங்கும் பள்ளக்காட்டு மகரந்தம். அம்மாவின் தோளுக்கு மேலாகச் சித்தியைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, சொல்லாதே என்று தலையசைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு இருக்கே" என்றாள் தவமணி, குழந்தையை இறுக்கிக்கொண்டு. குரல் உடைந்தது. "அதுவும் இந்தப் புள்ளை மாதிரி இருந்திருந்தா நான் ஏன்டி இப்படிக் கிடந்து சாகப்போறேன்?"

மடியிலிருந்த குழந்தையின் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. இதை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாளோ. ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள். அடுத்த வாய் வந்தது.

வெயில் ஏறத் தொடங்கியதும் நிரோஷா தானாகவே மடியிலிருந்து இறங்கினாள். "நாளைக்கு வரேன் ஆன்ட்டி" என்று கையசைத்துவிட்டுப் பள்ளக்காட்டுப் பாதையில் ஓடினாள். தவமணி அவள் மறையும் வரை பார்த்திருந்துவிட்டு லைன் பக்கம் போனாள்.

லோகேஸ்வரி குழந்தையின் பின்னாலேயே போனாள். பள்ளக்காடு முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. ஒரு செடியடியில் நிரோஷா காத்துக்கொண்டு நின்றாள்.

"வேர்த்துச்சுன்னா பழைய வாசம் வந்துடும் சித்தி. அதான் வெயிலுக்கு முன்னாடியே ஓடி வந்துடுவேன். ஒரு நாள் பந்து தேடி இங்க வந்தப்ப தலையெல்லாம் ஒட்டிக்கிச்சு. அன்னைக்கு அம்மா என்னத் தூக்கினாங்க." குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "யாருக்கும் சொல்லலை, உங்களுக்கு மட்டும்தான்."

லோகேஸ்வரி முட்டிபோட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.  செடிகளுக்கிடையே ஸ்பிரிங்ளர் குழாய்கள் காய்ந்து நின்றன. நேற்று இந்நேரம் அவை சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

"தண்ணி ஏன் சித்தி வரல? ரிப்பேரா?"

"இந்தப் பூவெல்லாம் எத்தனை நாள் இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் லோகேஸ்வரி.

"ரெண்டு மூணு நாள்ல கருகிடும். அப்புறம் தண்ணி விடுவாங்க, அடுத்த வரிசை பூக்கும்." நிரோஷா திரும்பி நின்று, முடியைக் கையால் தூக்கிக் காட்டினாள். "நாளைக்கு நீங்களும் வாங்க சித்தி. பின்னந்தலையில எனக்கு எட்ட மாட்டேங்குது. அங்க சரியா படலன்னா அம்மா சீக்கிரமே இறக்கி விட்டுடறாங்க."

மறுநாள் விடியுமுன்னே, பனியில் நனைந்தபடி லோகேஸ்வரி பள்ளக்காட்டில் நின்றாள். நன்றாக விரிந்த பூக்கொத்தாகத் தேடி ஒரு கிளையை வளைத்து, குழந்தையின் பின்னந்தலையில், வகிட்டில், காதுக்குப் பின்னால், விடுபடாமல் தடவிவிட்டாள்.

"போதுமா பாருங்க" என்றாள் நிரோஷா. "என்னத் தெரியுதா?"

"தெரியல" என்றாள் லோகேஸ்வரி. "போ, ஓடு. அம்மா காத்திட்டிருப்பாங்க."